பாட்டே இல்லாத தமிழ்ப் படங்கள்: 'அந்த நாள்' முதல் 'கொட்டுக்காளி' வரை, அண்மையில் பார்த்தவை

ரீல்பெட்டி

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954), பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024). இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. நடுவில் எழுபது வருடம். முதல் படத்தில் பாட்டு இல்லை. இரண்டாவதில் பாட்டும் இல்லை, பின்னணி இசையும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். நாலு நிமிஷப் பாட்டு என்றால் 360 அடி. ஆறு பாட்டைத் தூக்கிவிட்டால் 2,160 அடி, அதாவது இரண்டு ரீலுக்கு மேல் காலி. அந்த 24 நிமிஷம் வெறும் ஆட்டபாட்டம் இல்லை. காதல் முற்றியது, கல்யாணம் ஆனது, பிள்ளை வளர்ந்தது, ஏழை பணக்காரன் ஆனது எல்லாமே நம் படங்களில் அதற்குள்தான் நடக்கும். பாட்டு வேண்டாம் என்பவர் அந்த வேலைகளை வேறு யார் தலையிலாவது கட்டியாக வேண்டும்.

'அந்த நாள்' அதை விசாரணையின் தலையில் கட்டியது. 1943 அக்டோபர், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயம். ரேடியோ இன்ஜினியர் ராஜன் (சிவாஜி) படம் தொடங்கியதுமே சுடப்பட்டு விழுகிறார். சி.ஐ.டி. சிவானந்தமாக வரும் ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதை வசனமும். அவர் ஒவ்வொருவராகக் கேட்க, ஒவ்வொருவரும் இன்னொருவர் மேல் கையைக் காட்டுகிறார்கள். காதல், கல்யாணம், தம்பியோடு சொத்துத் தகராறு, வெளியே ஒரு தொடர்பு எல்லாம் வாக்குமூலத்தின் நடுவே துண்டு துண்டாக வந்து விழுகின்றன. ஒரு வருடத்தைத் தாண்ட வேண்டுமானால் கேமரா கேள்வி கேட்பவர் முகத்துக்குத் திரும்பினால் போதும். டூயட் செய்கிற வேலையை ஒரு 'அப்புறம்?' செய்துவிடுகிறது.

முடிவைச் சொல்லப்போவதில்லை. இந்த இழையில் பின்னால் எழுதுபவர்களும் சொல்லாதீர்கள்.

நடுவரிசை

'அந்த நாள்' பற்றிப் பேச்சு வந்தாலே 'ராஷோமோன் காப்பி' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் அந்தப் படத்தை பாலசந்தர் திரைப்பட விழாவில் பார்த்து ஈர்க்கப்பட்டது உண்மை. ஆனால் கட்டுமானம் வேறு. 'ராஷோமோன்'-இல் ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், எது நிஜம் என்று கடைசிவரை தெரியாது. இங்கே ஒவ்வொருவரும் தான் பார்த்ததை மட்டும் வைத்து இன்னொருவரைச் சந்தேகப்படுகிறார்கள். கடைசியில் உண்மை பிடிபட்டுவிடுகிறது. எலும்புக்கூட்டைப் பார்த்தால் இது துப்பறியும் கதை. 1950-இல் வந்த பிரிட்டிஷ் படம் 'தி உமன் இன் கொஸ்டின்' இதற்கு இன்னும் நெருக்கம்.

இன்னொன்று. 'இந்தியாவின் முதல் பாடலில்லாப் படம்' என்று இதைப் போடுகிறார்கள். தமிழில் முதல் என்பதுதான் சரி. வாடியா நிறுவனத்தின் 'நவ்ஜவான்' 1937-லேயே பாட்டில்லாமல் வந்துவிட்டது.

சிவாஜிக்கு அப்போது வயது 25. 'பராசக்தி' வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கட்டத்தில் இப்படி ஒரு ராஜன் வேஷம் போட இன்று எந்த நாயகன் ஒத்துக்கொள்வார்? குரலை எவ்வளவு அடக்கியிருக்கிறார் என்பதைக் காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். மனைவியாக வரும் பண்டரிபாயோடு வாக்குவாதம் பண்ணும் இடங்களில் கத்தலே இல்லை.

மோனோ

காதால் கேட்கச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் இணையத்தில் கிடைக்கிற பல பதிவுகளில் கேட்பது சிவாஜியின் குரலே இல்லை, அரைக் கட்டை ஏறின சிவாஜி. காரணம் இதுதான். படம் எடுத்தது நொடிக்கு 24 பிரேம். நம்மூர் டி.வி., வி.சி.டி. எல்லாம் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25. மாற்றும்போது பிரேமைச் சேர்ப்பதில்லை, அப்படியே 4 சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 130 நிமிஷப் படம் 125 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். வசனத்தில் கனம் போய்விடுவதுதான் நஷ்டம். பட்டியலில் உள்ள நீளத்தைவிடப் பதிவு ஐந்து நிமிஷம் குறைவாக இருந்து, வெட்டும் தெரியவில்லை என்றால் இந்தக் கேஸ்தான்.

சரிசெய்ய: கோப்பு கையில் இருந்தால் வி.எல்.சி. பிளேயரில் வேகத்தை 0.96 வையுங்கள். அதோடு ஆடியோ அமைப்பில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். அதை எடுக்காவிட்டால் வேகம் மட்டும் குறையும், சுருதி ஏறினபடியே நிற்கும்.

அடுத்தது சட்டகம். 1954 படத்தின் அகல உயரம் 1.37-க்கு 1. அகலத் திரை டி.வி.யில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். 43 அங்குல டி.வி.யின் அகலம் 95 செ.மீ., உயரம் 53. அதில் இந்தப் படம் 73 செ.மீ. அகலத்துக்குத்தான் வரும். பட்டை பிடிக்காமல் 'ஜூம்' போட்டால் மேலும் கீழுமாக 23 சதவீதம் போய்விடும். ஒளிப்பதிவாளர் மாருதிராவ் கேமராவைத் தாழ வைத்து, ஆளின் தலைக்கு மேல் நிழலை நிறைத்து எடுத்திருக்கிற இடங்களில் அந்த நிழல்தான் முதலில் காலி. 'ஸ்ட்ரெச்' போட்டால் எல்லோருக்கும் கன்னம் உப்பிக்கொள்ளும். சில பதிவுகளில் ஜூம் பண்ணியே ஏற்றியிருக்கிறார்கள். எழுத்து ஓடும்போது மேல் வரியோ கீழ் வரியோ பாதி வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பதிவை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

கடைசிபெஞ்ச்

எல்லாம் சரிங்க, ஒரு சந்தேகம். பாட்டு இல்லை என்பதே ஒரு தகுதியா? 'நடுநிசி நாய்கள்' (2011) படத்தில் பாட்டும் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. கௌதம் மேனன் படம், ஒலியமைப்பு சுத்தம். ஆனாலும் படம் நிற்கவில்லையே. அந்தப் பக்கம் 'கைதி' (2019). பாட்டுக் காட்சி இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம், சாம் சி.எஸ். இசை ஓயாமல் அடிக்கிறது. போதாக்குறைக்கு 'ஆசை அதிகம் வச்சு', 'ஜும்பலக்கா' என்று பழைய பாட்டை வேறு ஓடவிட்டிருக்கிறார்கள். தியேட்டரில் விசில் அதுக்குத்தான் பறந்தது. அப்போ பாட்டு வேண்டும் என்றுதானே அர்த்தம்?

ரீல்பெட்டி

தகுதி என்று நான் சொல்லவில்லை. பாட்டை எடுத்தபின் அதன் இடத்தில் என்ன வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 'கைதி' ஒரே ராத்திரியில் நடக்கிறது. காலத்தைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை, அதனால் பாட்டின் முதல் வேலை தானாக விழுந்துவிட்டது. 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) படத்திலும் பெரும்பகுதி ஒரே ராத்திரிதான். 'விசாரணை' சில நாட்களுக்குள் முடிகிறது. 'கொட்டுக்காளி' ஒரு பகல். கவனித்தால், பாட்டில்லாமல் தேறிய படங்களில் பெரும்பாலானவை கடிகாரத்தைச் சுருக்கிக்கொண்டவை. பல மாதங்கள் ஓடும் கதையைப் பாட்டில்லாமல் சொல்வதுதான் கஷ்டம். அதைச் செய்து காட்டியது பாலு மகேந்திராவின் 'வீடு' (1988).

'நடுநிசி நாய்கள்' விழுந்ததற்குக் காரணம் மௌனம் இல்லை. அந்தப் படத்தில் ஒவ்வொரு திருப்பத்தையும் பாத்திரமே வாயால் விளக்குகிறது. இசை இல்லாத இடத்தில் விளக்கம் வந்து உட்கார்ந்தால் அது இசையைவிட மோசம்.

செங்கல்சூளை

'வீடு' என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அதில் மாதங்கள் எப்படிப் போகின்றன தெரியுமா? சுவர் ஏறுகிறது. அவ்வளவுதான். கடைக்கால், அடித்தளம், ஜன்னல் மட்டம், லிண்டல் என்று சுவரின் உயரமே நாள்காட்டி. அர்ச்சனா ஒவ்வொரு தடவை மனைக்குப் போகும்போதும் சுவர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள், எத்தனை வாரம் ஆச்சு, எவ்வளவு பணம் கரைஞ்சது எல்லாம் தெரிந்துவிடும்.

கட்டுமான விஷயத்திலும் படம் பொய் சொல்லவில்லை. வளசரவாக்கத்தில் இருக்கும் இரண்டு மனையில் ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டுவது, பிளான் பாஸ் பண்ணக் கையூட்டு, கடன், நகை, பிறகு சிமென்ட் திருட்டு. அந்தத் திருட்டை சித்தாள் மங்கம்மா (பசி சத்யா) போட்டுடைக்கும் காட்சி தமிழ் சினிமாவில் அபூர்வம், ஏனென்றால் நிஜத்திலும் அது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கலவை தலையில் சுமப்பவருக்கு எடையும் நிறமும் பொய் சொல்லாது. செங்கல் கட்ட, சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்ற கலவை என்றால் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏழரை கன அடி மணல். பத்து மூட்டை வேலைக்கு ஏழு மூட்டையைப் போட்டு மூன்றைக் கைமாற்றினால் கலவை ஒன்றுக்கு எட்டரை ஆகிவிடும். பச்சையாக இருக்கும்போது மற்றவர்கள் பார்வைக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. காய்ந்தபின் ஆணியால் கீறினால் மாவாக உதிரும். வீட்டுக்காரர் செய்யக்கூடியது எளிது: காலிச் சாக்கை எண்ணிக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்த லோடுக்குப் பணம் கொடுப்பது. படத்தில் சுதா (அர்ச்சனா) ஆபீஸ் போகிற பெண், பகலில் மனையில் நிற்க முடியாது. கான்ட்ராக்டருக்கு அந்த ஒன்று போதும்.

கடைசியில் வருகிற அடி, அதை இங்கே உடைக்கவில்லை, ஆனால் இன்றைக்கும் நடக்கிறது. வில்லங்கச் சான்றில் பதிவு ஆன பத்திரங்கள்தான் வரும். அரசுத் துறை ஏதாவது அந்த நிலத்தை எடுத்துக்கொள்ள நடவடிக்கை தொடங்கியிருந்தால் அது அதில் ஏறியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வட்டாட்சியர் அலுவலகத்திலும் திட்டக் குழுமத்திலும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். பிளான் பாஸ் ஆனதே போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாம்.

நடுவரிசை

அருமை சார். அந்தச் சுவர்க் கணக்கை இதுவரை யாரும் எழுதிப் படித்ததில்லை.

'வீடு' படத்தின் இசை பற்றி ஒரு சேர்க்கை. அதற்கென்று இளையராஜா இசையமைக்கவில்லை. 1986-இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்துப் பொருத்தியிருக்கிறார் பாலு மகேந்திரா. படத்தொகுப்பும் அவரே என்பதால் முடிந்தது. ஏற்கெனவே இருக்கும் இசை காட்சிக்காக நீளவோ நிற்கவோ செய்யாது. காட்சிதான் இசைக்கு ஏற்ப நடந்தாக வேண்டும். தாத்தா (சொக்கலிங்க பாகவதர்) பாதி எழும்பின வீட்டைத் தனியாகப் பார்க்கப் போகும் பகுதி அப்படித்தான் இருக்கிறது. வசனம் இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு நடக்கிறார், சுவரைத் தடவுகிறார், நின்று சிரிக்கிறார். அந்தப் பயணத்தோடு அவர் கதை முடிகிறது. வேறு படமாக இருந்தால் அங்கே ஒரு சோகப் பாட்டு வந்திருக்கும்.

ஒலிப்பட்டை

'கொட்டுக்காளி' பக்கம் திரும்பலாமா? பின்னணி இசையை எடுப்பது பாட்டை எடுப்பதைவிடப் பெரிய வம்பு. பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

இசை உணர்ச்சியைத் தூண்டுகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதன் இன்னொரு வேலை வெட்டுகளை மூடுவது. ஒரே காட்சியை நாலு கோணத்தில் நாலு வேறு நேரத்தில் எடுத்திருப்பார்கள். ஒரு ஷாட்டில் காற்று, அடுத்ததில் தூரத்து லாரி, அதற்கடுத்ததில் காக்கை. ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் பின்னால் இருக்கும் இரைச்சல் டக்கென்று மாறும். மேலே வயலின் ஓடினால் யாருக்கும் கேட்காது. இசை இல்லை என்றால் கொட்டாவி விடுபவருக்குக்கூடக் கேட்கும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து ஒரு நிமிஷமாவது வெறும் சூழல் ஒலியைப் பதிந்துகொண்டு வர வேண்டும். பிறகு அந்த ஒரே பதிவை எல்லா ஷாட்டுக்கும் அடியில் விரிப்பார்கள். வெட்டுக்கு அரை நொடி முன்பே அடுத்த ஷாட்டின் ஒலியை மெல்ல ஏற்றி இணைப்பார்கள்.

இந்தப் படம் படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலி பதிந்தது. கதையோ ஷேர் ஆட்டோவுக்குள்ளும் பைக்கிலும் நடக்கிறது. டீசல் ஆட்டோ இன்ஜின் வசனத்தை முழுங்கிவிடும். சட்டைக்குள் மைக் வைத்தால் துணி உரசும், திறந்த வண்டியில் காற்று 'புர்'ரென்று அடிக்கும். இவ்வளவு இருந்தும் வண்டி நிற்கிற இடங்களில் திடீரென்று எவ்வளவு அமைதி விழுகிறது என்று கேளுங்கள். காளை வழியை மறித்து நிற்கும் காட்சியில் இன்ஜினை அணைத்ததும் கூட்டம் கூட்டமாக வந்த ஆண்களின் சத்தமும் அடங்கிவிடுகிறது. ஒரு சின்னப் பெண் வந்து கயிற்றைப் பிடித்து அழைத்துப்போகிறாள். அங்கே ஒரு சுரம் வாசித்திருந்தால் காட்சி கெட்டிருக்கும்.

சூரிக்குத் தொண்டை கட்டி, சுண்ணாம்பு தடவிக்கொண்டு வருவது இந்த ஒலித் திட்டத்தோடு சேர்ந்த விஷயம். அதிகாரம் பண்ணுகிறவனுக்குக் குரல் எழும்பவில்லை. அன்னா பென் வாயே திறப்பதில்லை, ஆனாலும் எல்லோரும் அவளைப் பார்த்தே பயப்படுகிறார்கள். வழியில் கேட்கும் சினிமாப் பாட்டை அவள் வாய்க்குள் முணுமுணுக்க, அவன் வெறிபிடித்து அடிக்கும் இடம்... பாட்டே இல்லாத படத்தில் பாட்டுக்குக் கிடைத்த இடம் அதுதான்.

கடைசிபெஞ்ச்

ஒலிப்பட்டை சொல்வதை ஒத்துக்கறேன். ஆனா வீட்டில் பார்த்தால் பாதி வசனம் புரியவில்லை. மதுரைப் பக்கத்துப் பேச்சு வேகம் ஒரு பக்கம், சத்தம் கம்மி இன்னொரு பக்கம். ஒலியைக் கூட்டினால் திடீரென்று பைக் உறுமுது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டறார். இதுக்கு என்ன பண்றது?

மோனோ

மூன்று இடத்தில் பாருங்கள்.

டி.வி.யின் சொந்த ஸ்பீக்கர் என்றால், செயலியில் 5.1 ஒலி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். வசனம் முழுக்க நடு சானலில் இருக்கும். டி.வி. ஆறு சானலை இரண்டாகக் குறுக்கும்போது நடு சானலைத் தணித்துத்தான் சேர்க்கும். ஸ்டீரியோ தடம் இருந்தால் அதைத் தேர்வு செய்யுங்கள். சவுண்ட்பாரில் நடு சானலைத் தனியாகக் கூட்டும் வசதி இருந்தால் 2, 3 டெசிபல் ஏற்றினால் போதும். அதற்கு மேல் போனால் எல்லோரும் காதருகே பேசுவதுபோல் ஆகிவிடும், தூரம் செத்துவிடும்.

'நைட் மோட்' இந்தப் படத்துக்கு வேண்டாம். சின்ன ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்குவதுதான் அதன் வேலை. சண்டைப் படத்துக்குச் சரி. இங்கே பூச்சிச் சத்தமும் காற்றும் வசனத்தின் உயரத்துக்கு வந்து நிற்கும், இன்னும் புரியாமல் போகும்.

மூன்றாவது, மின்விசிறி. ஐந்தில் ஓடும் ஃபேன் இரைச்சல் இந்தப் படத்தின் மெல்லிய பகுதிகளை அப்படியே மூடிவிடும். இரண்டில் வையுங்கள், அல்லது ஹெட்போன். ஒயர் உள்ள ஹெட்போனாக இருந்தால் நல்லது. புளூடூத்தில் ஒலி பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நொடி பிந்தும். டப்பிங் படங்களில் நமக்கு அது பழகிப்போயிருக்கிறது. தளத்தில் பதிந்த ஒலியில் உதடு தவறினால் உடனே கண்ணை உறுத்தும். சில டி.வி.களில் ஒலியையும் படத்தையும் ஒத்திசைக்கும் 'ஏ.வி. சிங்க்' அமைப்பில் இதைச் சரிசெய்யலாம்.

'அந்த நாள்' படத்துக்கு நேர் எதிர்: 'சரவுண்ட்', 'மூவி' போன்ற எல்லாவற்றையும் அணையுங்கள். அது ஒற்றைத் தட ஒலி. அன்றைய ஒளித்தட முறையில் 8 கிலோஹெர்ட்சுக்கு மேல் உருப்படியாக எதுவும் இருக்காது. ட்ரெபிளை ஏற்றினால் கிடைப்பது இரைச்சல்தான்.

திருப்பூர்வாசி

'குருதிப்புனல்' (1995) யாரும் சொல்லவில்லையே? அதிலும் பாட்டு கிடையாது. கோவிந்த் நிஹலானியின் 'துரோக்கால்'தான் மூலம், பி.சி. ஸ்ரீராம் இயக்கி அவரே ஒளிப்பதிவும். அந்தத் தீபாவளிக்கு எதிரே நின்றது 'முத்து', பாட்டுக்கே பேர்போன படம்.

ரீல்பெட்டி

நல்ல ஞாபகம். அதில் பாட்டின் வேலையைச் செய்வது நாயகன் ஆதியின் (கமல்) வீடு. ஆதி வீட்டுக்குத் திரும்பும் காட்சிகளைக் கவனியுங்கள், மனைவி, பிள்ளை, சாப்பாட்டு மேசை. சித்திரவதை அறைக்கும் வீட்டுக்கும் நடுவே மூச்சு விட வேறு இடம் கொடுக்கவில்லை. பின்பாதியில் அந்த இடமும் பறிபோகிறது. அதனால்தான் அந்தப் பகுதி அவ்வளவு நெருக்குகிறது. நாசர், கமல் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சிகளில் மகேஷின் இசை ஒதுங்கி நிற்கிறது. அந்த அளவுக்கு 'கைதி' ஒதுங்கியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

நடுவரிசை

இந்தப் பட்டியலில் இன்னொன்று சேர வேண்டும். ஜெயகாந்தன் தன் கதையைத் தானே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965). பாட்டு இல்லை, பின்னணி இசை வீணை சிட்டிபாபு. 'அந்த நாள்' இயக்கியவரும் வீணைக்காரர் என்பது வேடிக்கையான ஒற்றுமை. இதன் நல்ல பதிவு எங்கேயாவது இருக்கிறதா?

மோனோ

பார்க்கக் கிடைப்பது அரிது. தேடும்போது பெயரை மட்டும் போட்டால் 2009-இல் வந்த கமல், மோகன்லால் படம்தான் பக்கம் பக்கமாக வரும். 1965, ஜெயகாந்தன் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். தேடலில் வரும் சிறுபடம் (தம்ப்நெயில்) வண்ணத்தில் இருந்தால் திறக்கவே வேண்டாம்.